சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான், பொறுப்பு யாருடையது?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். கோவைக்குப் பக்கத்தில் சின்னதாக லேத் பட்டறை நடத்துகிறேன், ஏழு பேர் வேலை செய்கிறார்கள். வருடா வருடம் ஆயுத பூஜை முடிந்ததும் போனஸ், பொரி, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பசங்களுக்கு பிரியாணியும் சரக்கும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். இந்த வருடமும் அப்படித்தான். ராத்திரி ஒன்பதரை மணிக்கு பிரியாணி பத்தவில்லை. இன்னும் நாலு பார்சல் வாங்கிவரச் சொல்லி, பட்டறை பைக் சாவியை நானே எடுத்து ஒரு பையனிடம் கொடுத்தேன். அவனுக்கு 26 வயது, லைசென்ஸ் உண்டு, நன்றாகக் குடித்திருந்தான். நானும் கொஞ்சம் குடித்திருந்தேன். "பாத்துப் போப்பா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். குடிப்பழக்கமே இல்லாத இன்னொரு பையன் பின்னால் ஏறிக்கொண்டான். தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்த ஒரு அம்மா கடையை மூடிவிட்டு ரோட்டைக் கடக்கும்போது அவர் மேல் மோதிவிட்டார்கள். மறுநாள் இறந்துவிட்டார். 44 வயதாம், கணவர் இல்லை, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாயார். பைக் என் பெயரில்தான் இருக்கிறது, இன்ஸ்யூரன்ஸும் இருக்கிறது. "26 வயசு ஆம்பளை, அவன் வாயிலயா ஊத்திவிட்டீங்க" என்கிறார் மச்சான். "வாங்கிக் கொடுத்ததும் நீங்க, சாவி கொடுத்ததும் நீங்க" என்கிறாள் மனைவி. தெரிந்தவர் ஒருவர், பின்னால் உட்கார்ந்த பையன்தான் ஓட்டினான் என்று சொல்லிவிட்டால் இன்ஸ்யூரன்ஸ் சிக்கலில்லாமல் வந்துவிடும் என்கிறார். உண்மையில் பொறுப்பு யாருடையது? பெயர் வேண்டாம்.

பதில்: அண்ணா, வணக்கம். உங்கள் கடிதத்தில் அந்த அம்மா மூன்று வரியில் வந்து போய்விடுகிறார், மீதி எல்லாம் நீங்கள், பசங்கள், இன்ஸ்யூரன்ஸ். பயத்தில் இருப்பவர் அப்படித்தான் எழுதுவார், எனக்குப் புரிகிறது. அவர் குடும்பத்தைப் பற்றி நானே பிறகு பேசுகிறேன். அதற்கு முன்னால் ஆள் மாற்றச் சொன்னவரின் யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம்.

அதைச் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவுப்படி, வண்டியை யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பொய் சொன்னால், இன்றைக்கு வெறும் சாட்சியாக நிற்கக்கூடிய அந்தக் குடிக்காத பையன் ஒரு சாவுக்குக் குற்றவாளி ஆகிவிடுவான். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106(1)-இல் 5 வருடம் வரை சிறை இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தில் 2 வருடமாக இருந்தது. உங்களிடம் சம்பளம் வாங்குகிற ஒரே காரணத்துக்காக அந்தப் பையன் மறுக்க முடியாமல் தலையாட்டுவான் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பக் கோபம் வரவைக்கிறது.

அப்புறம், இது நிற்கவும் நிற்காது. விபத்தில் அடிபட்டு வருகிறவரைச் சேர்க்கும்போதே ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் யார் ஓட்டினார், யார் பின்னால் இருந்தார், வாயில் மது வாடை இருந்ததா என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டியவனுக்கும் பின்னால் இருந்தவனுக்கும் காயம் படும் இடமே வேறு. விபத்து இழப்பீட்டு வழக்குகளை 22 வருடமாகப் பார்க்கிறேன். ஆள் மாற்றிக் கொடுத்த ஒரு வழக்கில், விபத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் அந்த வண்டி ஒரு பேக்கரி வாசலில் திரும்பியது சிசிடிவியில் பதிவாகி, ஓட்டியவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை அந்த உரிமையாளர் மேல் இருந்த அனுதாபம் கோர்ட்டில் அன்றைக்கே போய்விட்டது.

பெரிய இடத்து ஆட்களுக்கே இது உதவவில்லை. டெல்லியில் 1999 ஜனவரியில் ஒரு பிஎம்டபிள்யூ கார் மோதி மூன்று போலீஸ்காரர்கள் உட்பட ஆறு பேர் செத்தார்கள். அந்த காரை ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவியிருந்தார்கள், சாட்சியத்தை அழித்ததாக அந்த வீட்டுக்காரரும் அவரிடம் வேலை பார்த்தவர்களும்கூடத் தண்டிக்கப்பட்டார்கள். கழுவச் சொன்னதைச் செய்த வேலைக்காரர்களுக்கும் தண்டனை, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். புனேயில் 2024 மே மாதம் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் என்ஜினீயர்கள் இறந்ததில், பழியை டிரைவர் மேல் போடப் பார்த்தார்கள், ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்று குற்றம்சாட்டி, பையனின் அப்பா, அம்மா, தாத்தா, அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் என்று ஒவ்வொருவராகக் கைது செய்தார்கள். பையனுக்கு மது கொடுத்ததற்காக பார் நடத்தியவர்களும் கைதானார்கள். ஒரு ராத்திரி விபத்தோடு முடிந்திருக்க வேண்டியது குடும்பம் முழுவதையும் இழுத்துக்கொண்டது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மச்சான் சொல்வதும் சரி, உங்கள் மனைவி சொல்வதும் சரி. நீங்கள் பொறுப்பை பாகப்பிரிவினை மாதிரி நினைக்கிறீர்கள், அவன் பங்கு பெரிதானால் உங்கள் பங்கு சிறிதாகிவிடும் என்று. சட்டம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஓட்டியவனைத் தனியாகக் கூப்பிட்டு நீ என்ன செய்தாய் என்று கேட்கும், சாவி கொடுத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கும். அவன் குற்றம் முழுசாக அவனுடையது, அதனால் உங்களுடையது ஒரு கடுகளவும் குறையாது.

ஓட்டிய பையனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு வைத்திருக்கும் எல்லை. சராசரி உடல்வாகு உள்ள ஒருவர் ஒரு கட்டிங் போட்டாலே அதைத் தாண்டிவிடுவார், "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். உயிர் போயிருப்பதால் இதெல்லாம் இப்போது சின்ன விஷயம். 106(1) போட்டிருப்பார்கள், ஆனால் குடித்துவிட்டு இப்படி ஓட்டினால் ஆள் சாக வாய்ப்புண்டு என்று தெரிந்தே ஓட்டினான் என்று போலீஸ் எடுத்துக்கொண்டால் 105-க்கு மாற்றலாம், அது கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம், 10 வருடம் வரை போகும். மும்பை பாந்த்ராவில் 2006-இல் நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் மேல் கார் ஏறி ஏழு பேர் செத்த வழக்கில், குடித்துவிட்டு ஓட்டியவரை இதே மாதிரிப் பிரிவில்தான் தண்டித்தார்கள், உச்ச நீதிமன்றம் 2012-இல் அதை உறுதி செய்தது. போதையில் ஒன்றும் தெரியவில்லை என்ற பேச்சும் எடுபடாது, தானாக விரும்பிக் குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு இருக்கும் அதே அறிவு இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இப்போது நீங்கள். வயதுக்கு வந்த ஆட்களுக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்ததால் மட்டும் இந்தச் சாவு உங்கள் தலையில் விழாது. பட்டறையில் வைத்துக் குடித்தது அனுமதி சம்பந்தமான வேறு கேள்வி, அதை உங்கள் வக்கீலிடம் பேசிக்கொள்ளுங்கள். பிரச்சினை சாவியில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 188-வது பிரிவு என்று ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. 185-வது பிரிவுக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்று அது சொல்கிறது. தெரிந்தே உதவுவதும் உடந்தைதான். அவன் உங்களுக்குத் தெரியாமல் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்தீர்கள், உங்கள் வேலையாகத்தான் அனுப்பினீர்கள், சாவியை உங்கள் கையால் கொடுத்தீர்கள்.

அந்த "பாத்துப் போப்பா" உங்களுக்கு ஆதரவாக இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வருத்தத்தோடு சொல்கிறேன் அண்ணா, எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கிடைத்தால் அதைவிட வலுவான வரி அவருக்கு வேறு வேண்டாம். அவன் நிதானத்தில் இருந்திருந்தால் மூன்று தெரு தள்ளிப் போய் பிரியாணி வாங்குவதற்கு எதற்கு அந்த எச்சரிக்கை? நம் ஊரில் விசேஷ வீட்டு வாசலில் நின்று தினமும் ஆயிரம் பேர் இதைச் சொல்லி அனுப்புகிறோம், நானும் என் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஓட்டும் நிலையில் ஆள் இல்லை என்று மனசுக்குத் தெரிகிறது, சாவியைப் பிடுங்கினால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்று கூச்சமாகவும் இருக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவில் வாயில் வருகிற வார்த்தைதான் அது.

குடிக்காத பையன் விஷயத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. ஓட்டத் தெரிந்த, நிதானமாக இருந்த ஒரு ஆள் அந்த இடத்தில் இருந்தான், பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனான். ஏன்? ஓட்டியவன் பட்டறையில் சீனியராக இருப்பான், முதலாளியே அவன் கையில் சாவி கொடுத்துவிட்டார், "அண்ணா நான் ஓட்டறேன்" என்று சொன்னால் அடிக்க வருவான் அல்லது சிரிப்பார்கள். சென்னையில் 2022 அக்டோபரில், குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூடப் போகிறவர்கள் மேலும் வழக்கு என்று போக்குவரத்து போலீஸ் அறிவித்தபோது பெரிய விவாதமே நடந்தது. வெறுமனே பின்னால் உட்கார்ந்ததையே உடந்தை என்று சொல்லிவிடுவது சரியில்லை என்பதுதான் என் கருத்து. ஏவினான், சேர்ந்து திட்டம் போட்டான் அல்லது தெரிந்தே உதவினான் என்று ஏதாவது ஒன்று வேண்டும். ஆகவே அவனுக்கு நல்ல வக்கீல் வைத்துக் கொடுங்கள், உங்கள் வக்கீல் வேண்டாம், தனி வக்கீல். அவன் சொல்ல வேண்டிய உண்மை உங்களுக்கு எதிராக இருக்கலாம், அதைச் சொல்லும் தைரியம் அவனுக்கு வர வேண்டும்.

அரசாங்கத்தின் பங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 2003-இலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். ராத்திரி பத்து மணி வரை விற்கிறார்கள், கடை வாசலில் வரிசையாக நிற்கிற பைக்கெல்லாம் நடந்தா வீட்டுக்குப் போகும்? நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்ன தீர்ப்பே தமிழ்நாட்டு வக்கீல் பாலு தொடுத்த வழக்கில் வந்ததுதான், சில மாதங்களிலேயே சின்ன ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தார்கள். இதையெல்லாம் வெளியில் உரக்கப் பேச வேண்டும். ஆனால் உங்கள் வழக்கில் பேசினால் பழியைத் தள்ளிவிடப் பார்ப்பதாகத்தான் கேட்கும், அங்கே பேசாதீர்கள்.

பணக் கணக்கு. இதை விளக்கமாகவே சொல்கிறேன், இன்ஸ்யூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் வருமானத்துக்கு ரசீதா இருக்கப்போகிறது? விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், வயது 40-க்கும் 50-க்கும் நடுவில், ஆகவே எதிர்கால வருமானத்துக்காக 25 சதவீதம் கூட்டினால் 15,000. மூன்று பேர் அவரை நம்பி இருந்தார்கள், அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 10,000. வருடத்துக்கு 1,20,000. 44 வயதுக்குப் பெருக்கும் எண் 14. மொத்தம் 16,80,000 ரூபாய். சரளா வர்மா, பிரணய் சேத்தி என்று 2009-லும் 2017-லும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த கணக்கு இது. பிள்ளைகளுக்கும் தாயாருக்கும் பாச இழப்புக்கான தொகை, இறுதிச் சடங்குச் செலவு, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

யார் கட்டுவது? ஓட்டியவனும் நீங்களும் சேர்ந்து பொறுப்பு. அவன் உங்கள் ஆள், உங்கள் வண்டி, உங்கள் வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, குடித்துவிட்டு ஓட்டியதையும் பாலிசி மீறலாகக் காட்டி இன்ஸ்யூரன்ஸ் கம்பெனி வாதாடலாம், 150-வது பிரிவில் அது சேர்ந்துவிட்டது. அப்படி வாதாடினாலும் கோர்ட்டுகள் இறந்தவர் குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் உத்தரவு போட்டு வருகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு இது நல்லது, நானும் மனதார வரவேற்கிறேன். உங்கள் பக்கம் பார்த்தால், கம்பெனி கட்டிய முழுத் தொகையும் திரும்பி உங்களிடம் வரும். தனி வழக்குக்கூடப் போட வேண்டாம், அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு போட்டு உங்கள் சொத்து மேல் கை வைக்கலாம் என்று 2004-இல் நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கேதான் மறுபடியும் சாவி வருகிறது. மீறலுக்கு உரிமையாளர் உடந்தையா, அவர் கவனமாக இருந்திருந்தால் தடுத்திருக்க முடியுமா என்பதை இன்ஸ்யூரன்ஸ் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று அதே 2004-இல் வந்த ஸ்வரன் சிங் தீர்ப்பு சொல்கிறது. வண்டியை இரவல் வாங்கிப் போனவன் எங்கேயோ போய்க் குடித்திருந்தால் அந்த உரிமையாளருக்கு இது ஒரு பிடிமானம். உங்களுக்கு அது கிடைப்பது கஷ்டம், மறைத்துப் பேச விரும்பவில்லை. பைக்கின் சேதத்துக்கும் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். பின்னால் உட்கார்ந்த பையனுக்கு அடிபட்டிருந்தால், உங்களுடையது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியா, பேக்கேஜ் பாலிசியா என்று எடுத்துப் பாருங்கள், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் பின் சீட்டில் இருப்பவருக்கு அதில் இடமில்லை.

இப்போது அந்த வீடு. நீங்கள் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஊரில் இரண்டு பக்கமும் மதிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு, போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், "எவ்வளவு வேணும்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சமாதானம் பேசிக் கேஸை வாபஸ் வாங்க வைக்கலாம் என்று அந்த ஆள் மாற்றும் யோசனைக்காரர் அடுத்து சொல்வார், 105-ம் சரி 106-ம் சரி சமாதானத்தில் முடிகிற பிரிவுகள் இல்லை. அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு, தாயாரின் மருந்துக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் செய்யுங்கள், வங்கிக் கணக்கில் போடுங்கள், பதிலுக்கு எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், அவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். கூட வருகிற பெரியவர் மூலமாக அதையும் சொல்லச் சொல்லுங்கள். ஆமாம், உங்கள் மேல் போடப்போகிற மனுதான். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே போனால் அவர்களுக்குச் செலவில்லாமல் வக்கீல் கிடைப்பார்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: ஆர்சி, பாலிசி, ஓட்டியவன் லைசென்ஸ் நகல் மூன்றையும் எடுத்து வையுங்கள். விபத்தை எழுத்து மூலமாக இன்ஸ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். அடுத்த தடவை போலீஸ் கூப்பிடுவதற்கு முன்னால் குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள், என்னிடம் எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள், சாவி, குடி, "பாத்துப் போப்பா" எதையும் விடாமல். தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வரும், அனேகமாக அதில் முதல் எதிர்மனுதாரர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பயந்து திருப்பி அனுப்பிவிட்டு எக்ஸ்பார்ட்டி ஆகிவிடாதீர்கள், அதாவது நீங்கள் வராமலே வழக்கு முடிகிற நிலைக்கு விட்டுவிடாதீர்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.